டோஸைக் கூட்டுவதற்கு முன் ஒரு சாம்பிள் எடுங்கள்

"பாலிமர் விட ஆரம்பித்து எட்டு மாசம் ஆச்சு, எண்ணெய்க் கிணற்றில் இன்னும் தண்ணீர்தான் வருது, டோஸை இரட்டிப்பாக்கலாமா?" பாலிமர் கலந்த நீரைப் பாறைக்குள் செலுத்தி எண்ணெயைத் தள்ளுபவர்களிடமிருந்து இந்த வருஷத்தில் இது மூன்றாவது போன். அந்த நீரை உள்ளே செலுத்தும் இன்ஜெக்ஷன் கிணற்றின் தலையில் பாகுத்தன்மை எவ்வளவு என்று கேட்டால், மூவருமே மிக்ஸிங் டேங்கில் எடுத்த எண்ணைத்தான் சொன்னார்கள்.

பாலிமர் சோப்பு இல்லை ஐயா! அது எண்ணெயைக் கரைக்காது, இளக்காது, பாறையைக் கழுவாது. தண்ணீரைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் எண்ணெயை ஒதுக்கிவிட்டு, சுலபமான வழியில் நேராக உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவிடும். கெட்டியானால் அந்த ஓட்டம் தணிந்து, இதுவரை தொடாத பகுதிகளிலும் புகுந்து எண்ணெயைத் தள்ளும். நுண்துளைகளில் சிக்கிய துளிகளை விடுவிப்பது சர்ஃபக்டன்டின், அதாவது சோப்பு போன்ற பொருளின் வேலை. அதுவும் உப்பின் அளவு சரியாக அமைந்தால்தான் நடக்கும். ஆக, நீங்கள் பாறைக்குள் அனுப்ப வேண்டியது கெட்டித்தன்மையை, கிலோக்களை அல்ல.

போன வாரத்துக் கிணற்றில் பாகுத்தன்மை டேங்கில் 20 சென்டிபாய்ஸ், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வைத் தாண்டினால் 8. பாதி மூடிய வால்வு பாலிமரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துத் தள்ளியிருக்கிறது. இதில் டோஸைக் கூட்டினால் அறுபடும் சரக்குதான் கூடும். அழுத்தத்தை ஏற்றிப் பாறையைப் பிளந்துவிட்டால் இன்னும் மோசம், அந்த விரிசல் வழியே எல்லாம் ஓடிப்போகும்.

சாம்பிளையும் ஒழுங்காக எடுங்கள். வால்வைப் படாரெனத் திறந்து பீக்கரில் பிடித்தால் நீங்களே பாலிமரை அறுத்துவிடுவீர்கள். சிலிண்டரில் அழுத்தத்தோடு மெதுவாக நிரப்பி, மெதுவாக அழுத்தத்தை இறக்குங்கள். நீரில் இரும்பு இருந்தால் காற்று படவே கூடாது, பட்டால் லேபுக்குப் போவதற்குள் பாகுத்தன்மை விழுந்துவிடும். லேபில் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காதீர்கள், தயவுசெய்து. எண்ணெய் வயலில் எந்த நீரோ அதே நீர், அதே கால்சியத்தோடு.

அப்புறம், தாச்சிங் டோஸைக் காப்பியடிக்கும் பழக்கம். சீனாவின் அந்த வயலில் 1990களிலிருந்து பெரிய அளவில் பாலிமர் விடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே பாறையின் வெப்பம் 45 டிகிரி அளவுதான், நீரில் உப்பும் குறைவு. உங்கள் பாறை 80 டிகிரியைத் தாண்டி, நீரில் கால்சியமும் இருந்தால் வழக்கமாக விடும் பாலிமரான சாதாரண பாலிஅக்ரிலமைடு நாளடைவில் வீழ்படிவாகிவிடும். அங்கே டோஸ் பிரச்சினையே இல்லை, பாலிமரையே மாற்ற வேண்டும்.

ஒரு பம்பிலிருந்து பல கிணறுகளுக்குப் பிரிப்பதால் சோக் தவிர்க்க முடியாது என்றால், குறைவாக அறுக்கும் வகையைப் போடுங்கள். இல்லையா, கிணற்றுக்கொரு பம்ப் வையுங்கள். செலவுதான், ஆனால் வீணாகும் பாலிமரின் விலையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிணற்றின் தலையில் எடுத்த பாகுத்தன்மை எண் கையில் இருக்கும்போது கூப்பிடுங்கள், டோஸைப் பற்றிப் பேசலாம்.