மண்ணீரல், சிறுநீரகம், குடல்: வேலையிடத்து விபத்தில் உள்ளுறுப்புக் காயத்துக்கு இழப்பீடு எவ்வளவு?

வேலையில் அடிபட்டுக் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போனால் 40 சதவீதம் என்று 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை சொல்லிவிடுகிறது. சாரத்திலிருந்து விழுந்து மண்ணீரலையே எடுக்க வேண்டி வந்தவருக்கு அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல், குடல், சிறுநீர்ப்பை எதுவும் அதில் இல்லை. "பட்டியல்லயே இல்லையே, எதுக்கு இழப்பீடு?" என்று காண்டிராக்டர் கேட்டால் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். போக வேண்டியதில்லை.

பட்டியலில் இல்லாத காயங்களுக்கென்றே பிரிவு 4(1)(சி)-யில் இரண்டாவது உட்பிரிவு இருக்கிறது. காயத்தால் நிரந்தரமாகக் குறைந்துபோன சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் என்று தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும். அந்தச் சதவீதத்துக்கு ஏற்ற தொகை கிடைக்கும். அட்டவணையில் உள்ள காயங்களுக்கு என்ன சதவீதம் தரப்பட்டிருக்கிறது என்பதையும் மருத்துவர் மனதில் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. ஆகவே உள்ளுறுப்புக் காயத்துக்கு நிலையான தொகை கிடையாது. மருத்துவரின் சான்றிதழ்தான் தொகையை முடிவு செய்கிறது.

முதலில் கணக்கு. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். இது முழு நிரந்தர ஊனத்துக்கான தொகை. அதில் சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதத்தை எடுத்தால் உங்கள் இழப்பீடு. காரணி எண்கள் நான்காம் அட்டவணையில் உள்ளன: 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், 2020 ஜனவரி 3-ஆம் தேதி அறிவிப்பின்படி கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு.

35 வயதுக்காரர், சம்பளம் 18,000, மண்ணீரல் அகற்றப்பட்டது, மருத்துவர் 25 சதவீதம் என மதிப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 197.06-ஆல் பெருக்கினால் 17,73,540. அதில் 25 சதவீதம் 4,43,385 ரூபாய். அதே ஆளுக்கு 40 சதவீதம் என்று மதிப்பிட்டால் 7,09,416 ரூபாய். ஒரே அறுவை சிகிச்சை, ஒரே வயது. சான்றிதழில் உள்ள ஓர் எண்ணால் இரண்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

மருத்துவச் செலவு இதில் சேராது. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி தனியாகத் திருப்பித் தர வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவர் கட்டிய பணத்தை இழப்பீட்டில் கழிக்கவும் முடியாது. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 25 சதவீதம் அரைமாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்பதும் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

இனி சான்றிதழ். "மண்ணீரல் அகற்றப்பட்டது, ஊனம் 25 சதவீதம்" என்று மட்டும் எழுதிய தாளைக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில் எளிதாக உடைத்துவிடுவார். உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. சட்டம் கேட்பது இரண்டாவதை. 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் ஒரு கையை இழந்த தச்சருக்கு உச்ச நீதிமன்றம் முழு ஊனம் என்றே முடிவு செய்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம். உள்ளுறுப்புக் காயத்திலும் சான்றிதழ் இப்படித்தான் பேச வேண்டும்: இவர் மூட்டை தூக்கும் தொழிலாளி, வயிற்றில் வெட்டிய தழும்பில் குடலிறக்கம் வந்திருக்கிறது, இனி எடை தூக்கக் கூடாது, ஆகவே அவருடைய வேலையில் இத்தனை சதவீதம் இழப்பு. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், வெயிலா தூசியா என்று மருத்துவரிடம் நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உறுப்புக்கு உறுப்பு ஆதாரம் மாறும். மண்ணீரல் போனால் சில பாக்டீரியாத் தொற்றுகள் உயிருக்கே ஆபத்தாகலாம்; நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் தேவைப்படும். சாக்கடை, குப்பை, கால்நடை வேலையில் இருப்பவருக்கு இது நேரடியான தொழில் இழப்பு. சிறுநீரகத்துக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு, சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டும் டி.டி.பி.ஏ. ஸ்கேன். நுரையீரலுக்கு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. இடுப்பெலும்பு உடைந்து சிறுநீர்க்குழாய் கிழிந்தவருக்கு அடைப்பு மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறை விரிவாக்கம் செய்த சீட்டையும் சேர்த்து வையுங்கள். கல்லீரல் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும். அதில் பெரிய சதவீதத்தை எதிர்பார்த்து வழக்கை இழுப்பதில் பயனில்லை.

எதிர்த்தரப்பு அடிக்கடி எடுக்கும் ஒரு வாதம்: "மாற்றுத்திறனாளி அட்டை இல்லை, எனவே ஊனம் இல்லை." 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மண்ணீரல் இழப்பு இல்லை. அந்தச் சட்டத்தின் நோக்கம் வேறு. அந்த அட்டை இல்லாததால் இழப்பீடு மறுக்கப்படாது.

வழக்குகள் சரியும் இன்னொரு இடம் முதல் நாள் பதிவு. அவசரப் பிரிவில் சேர்க்கும்போது உடன் வந்த சூப்பர்வைசர் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லிவிட்டால் விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறும். பேசும் நிலை வந்ததும் அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கிப் படியுங்கள். தவறு இருந்தால் உடனே போலீசிலும் ஆஸ்பத்திரியிலும் எழுத்து மூலம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பு, சி.டி. ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, எடுத்த உறுப்பைப் பரிசோதித்த பயாப்ஸி அறிக்கை எல்லாவற்றின் நகலும் வேண்டும்.

மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை அல்லது இணை ஆணையர் இந்தப் பொறுப்பில் இருப்பார். குடலை வெளியே வைத்துத் தைத்திருந்தால், உள்ளே வைக்கும் அடுத்த அறுவை முடிந்த பிறகே இறுதிச் சதவீதம் தெரியும். அதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மனு முதலில், இறுதிச் சான்றிதழ் பிறகு. காண்டிராக்டர் ஓடிவிட்டால் வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. வட்டி ஓடத் தொடங்குவது விபத்து நாளிலிருந்து. தீர்ப்பு நாளிலிருந்து அல்ல.

இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வழி மூடியிருக்கும். அவர்கள் மருத்துவ வாரியத்தின் முன் போக வேண்டும். வாரியம் தரும் சதவீதத்துக்கு ஏற்ப மாதாமாதம் உதவித்தொகை வரும். சதவீதம் குறைவாகப் பட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. வேலை நேரத்தில் லாரி மோதியிருந்தால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் அல்லது இழப்பீட்டு ஆணையர், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். 60 சதவீதம், காரணி எண், மருத்துவர் மதிப்பீடு என்ற அடிப்படை புதியதிலும் அப்படியே இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும், வேலையோடு தொடர்புள்ள விபத்துகள் இப்போது சேர்ந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே ஐம்பதாயிரத்தைக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கமாக நடப்பது. உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. சமரசம் என்றால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும்; தொகை போதாது என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும், இரண்டு ஆண்டு முடியவில்லையென்றால் மனு போடலாம்.