பர்ன்அவுட்: தமிழில் பணிநலிவு

பன்னாட்டுக் கம்பனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் பேச்சில் இப்போது பர்ன்அவுட் என்ற சொல் சரளமாக வருகிறது. இலங்கை மலையகத்தில், ஹற்றனிலும் பண்டாரவளையிலும் வீட்டிலிருந்தபடியே இரவு ஷிப்ட் செய்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை, அங்கே குளிர்காலமானால் ஏழரை. ஊர் அடங்கும் நேரத்தில் ஹெட்போனை மாட்டி, முகம் தெரியாத வாடிக்கையாளரின் கோபத்துக்கெல்லாம் பணிவாகப் பதில் சொல்லி, விடிந்ததும் தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கும் சத்தத்துக்கு நடுவே தூங்க வேண்டும். மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் வந்து சேரும் நிலைக்குத்தான் அந்தப் பெயர்.

ஆங்கிலத்தில் இதன் நேர்ப்பொருள் எரிந்து தீர்தல். எரிபொருள் முடிந்து ராக்கெட் இயந்திரம் நின்றுபோவதற்கும் இதே சொல்தான். 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதை வேலை செய்யும் மனிதருக்குப் பொருத்தி எழுதினார். நியூயோர்க்கில் ஓர் இலவச சிகிச்சை நிலையத்தில் ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள் நாளாக நாளாக வற்றிப்போவதை அவர் கிட்ட இருந்து பார்த்தவர். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டிலும் (2022 முதல் நடைமுறையில் இருப்பது) இச்சொல் உண்டு, ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாக. தீராத வேலை நெருக்கடியைச் சரியாகக் கையாளாததால் வருவது என்கிறது விளக்கம். அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலை மீது வெறுப்போ விலகலோ வருதல், முன்போல வேலை செய்ய முடியாமை.

சரி, தமிழில் என்ன சொல்வது? மனஅழுத்தம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே பல பொருளைச் சுமக்கிறது. மனச்சோர்வு என்பது மருத்துவம் தேவைப்படும் வேறொரு நோய்க்கு வழங்கும் பெயர், இரண்டையும் கலந்தால் ஆபத்து. பணிச்சோர்வு பரவாயில்லை, ஆனால் ஒரு ஞாயிறு படுத்து எழுந்தால் போய்விடும் அலுப்பு போலக் கேட்கிறது. தொழில் நலிவு என்றால் தேயிலைத் தொழிலே நலிந்த கதையாகிவிடும்.

நான் பணிநலிவு என்பேன். நலி என்ற வினைக்குத் தமிழில் இரு பக்கமும் பொருள் உண்டு: தான் மெலிவதும் பிறரை வருத்துவதும். ஆள் நலிகிறார், அவரை வேலை நலிகிறது. குற்றத்தை ஆளின் தலையில் மட்டும் கட்டாத சொல் இது.

இது முக்கியம். பல கம்பனிகள் உளநலம் என்றதும் யோகா வகுப்பு, தியானச் செயலி, சுவரில் ஒரு போஸ்டர் என்று நிறுத்திக்கொள்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ வேலைச் சுமையையும் வேலை நேரத்தையும் மாற்றச் சொல்கிறது, மேலாளர்களைப் பயிற்றச் சொல்கிறது. ஷிப்ட் அட்டவணையைத் தொடாமல் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கும் இச்சொல் பொருந்தும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் (பாதி நாள் சம்பளம்தான்) என்ற பயத்தோடு வருடக்கணக்கில் கூடை சுமந்த ஒருவர், ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகக் கால் எழாமல் “மனசு விட்டுப்போச்சு” என்கிறார். அந்த இலையைப் பைக்கற்றில் அடைத்து விற்கும் பன்னாட்டுக் கம்பனியின் உளநலத் திட்டம் பெரும்பாலும் அதன் அலுவலக ஊழியரோடு நின்றுவிடும். கொழுந்து பறிப்பவர் தோட்டக் கம்பனியின் ஆள் என்று கணக்கு. உண்மையில் ஊழியர் நலம் பேசுகிறவர்கள் அந்தக் கணக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வழக்கில் இப்படி எழுதலாம்: “பணிநலிவுக்கு ஆளானார்”, “பணிநலிவைத் தடுக்க ஷிப்ட் மாற்றப்பட்டது”. குடும்பத் துயரத்துக்கோ பரீட்சைக் களைப்புக்கோ இதைப் பயன்படுத்த வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அது பணிநலிவைத் தாண்டிய நிலை. அப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அல்லது இலங்கையின் தேசிய உளநல உதவி எண் 1926-க்கு அழைக்க வேண்டும்.