உறுத்தல் நின்றுவிட்டதா? அன்றைக்கே வாருங்கள்

கண்ணில் ஏதோ பட்டு, கண் டாக்டரான என்னிடம் தாமதமாக வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். துருப்பிடித்த கதவுக் கீலைக் கழற்றப் பார்த்திருக்கிறார். திருகு அசையவில்லை. உளியை வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டிருக்கிறார். வலது கண்ணில் சுருக்கென்று ஏதோ பட்டது. முகத்தைக் கழுவினார், அரை மணி நேரத்தில் உறுத்தல் நின்றுவிட்டது, மீதி வேலையையும் முடித்துவிட்டுத்தான் படுத்தார். என்னிடம் வந்தது மூன்று வாரம் கழித்து. அதுவும் எதற்கு? "பார்வை கொஞ்சம் மங்கலா இருக்கு டாக்டர், பவர் கூடிருச்சான்னு பாருங்க."

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் உட்கார வைத்துப் பார்த்தேன். கருவிழியின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத வெள்ளைக் கோடு, ஆறிப்போன தழும்பு. அதற்கு நேர் பின்னால் கண்ணின் பழுப்பு வளையத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. விளக்கை நேராகக் காட்டியபோது உள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் அதன் வழியாகத் தெரிந்தது. அதற்கும் பின்னால் லென்ஸ், பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஏதோ ஒன்று உள்ளே போன பாதை அது. சி.டி. ஸ்கேனில் கண்ணின் பின்பகுதியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. உளியிலிருந்து தெறித்த இரும்புத் துணுக்கு மூன்று வாரமாக உள்ளேயே கிடந்திருக்கிறது.

"வலியே இல்லையே டாக்டர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதே வாக்கியத்தை இதற்கு முன் வந்த இருவரும் சொன்னார்கள்.

வலி இல்லை என்றால் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? கண்ணில் வலி எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கருவிழியின் மேற்பரப்பில் நரம்பு முனைகள் அடர்த்தியாக இருக்கின்றன. அதனால்தான் இமைக்கு அடியில் ஒட்டிய ஒரு மணல் துகள், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் உராய்ந்து உங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. ஆனால் அதைத் தாண்டி உள்ளே இருக்கும் லென்ஸ், அதற்குப் பின்னால் நிறைந்திருக்கும் கூழ், கடைசியில் இருக்கும் விழித்திரை, இந்த மூன்றுக்குமே வலியை உணரும் நரம்பு கிடையாது. கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். கூர்மையான சிறு துணுக்கு வேகமாக வந்தால் அதைக் கிழித்துக்கொண்டு போக ஒரு நொடிகூட ஆகாது. போன வழி தானாகவே ஒட்டிக்கொள்ளும், மேல்தோல் ஓரிரு நாளில் மூடிவிடும். பிறகு எங்கிருந்து வலிக்கும்?

ஆக, உறுத்தல் நின்றதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பட்டது வெளியே போய்விட்டது, அல்லது உள்ளே போய்விட்டது. எது என்று கண்ணாடி முன் நின்று உங்களால் சொல்ல முடியாது. டார்ச் அடித்துப் பார்த்து "ஒண்ணும் தெரியல" என்று சொல்லும் வீட்டாராலும் முடியாது. எனக்கே, சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, பின்பகுதி வரை பார்த்தால்தான் தெரியும். சில சமயம் அப்படியும் தெரியாமல் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

"பார்வை தெளிவாத்தானே இருந்துச்சு" என்பது அடுத்த வாதம். துணுக்கு ஓரமாகப் போயிருந்தால் முதல் நாள் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்க முடியும். அதுவும் எதற்கும் சாட்சி இல்லை. கிருமி உள்ளே போயிருந்தால் ஓரிரு நாளில் கண் சீழ் பிடிக்கலாம். பிடிக்கவில்லை என்றாலும் இரும்பு சும்மா இருக்காது. மெல்ல மெல்லக் கரைந்து கண்ணுக்குள் பரவும். பழுப்பு வளையத்தின் நிறம் மாறும், கண்புரை வரும், இருட்டில் பார்வை குறையும், விழித்திரையின் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். இதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் பெரும்பாலும் வலி இருக்காது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. "கண்ணில் ஏதோ பட்டுருச்சு" என்று வருபவரிடம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்போம். "சுத்தியல்" என்ற சொல் காதில் விழுந்தாலே எங்கள் பார்வை மாறிவிடும். கட்டிங் மெஷினில் இரும்பு அறுக்கும்போது தெறிக்கும் பொறி பெரும்பாலும் கருவிழியின் மேலேயே பதிந்து நின்றுவிடும். சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்கும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஊசிமுனையால் சுரண்டி எடுத்துவிடுவோம். வலிக்கிற காயம் என்பதால் ஆள் தானாக ஓடி வந்துவிடுவார். இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிப்பதுதான் கண்ணைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஆனால் மெஷினைப் பார்த்துப் பயப்படும் மனிதர்கள் சுத்தியலைக் கண்டு பயப்படுவதில்லை. "சும்மா ஒரு ஆணிதான் அடிச்சேன்" என்கிறார்கள்.

இவரிடம் அந்த உளியைக் கொண்டுவரச் சொன்னேன். அடிபட்டு அடிபட்டு அதன் தலை காளான் போல விரிந்து, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக மடங்கியிருந்தது. ஒரே இடத்தில் மட்டும் துருவில்லாமல் பளபளவென்று சிறு பள்ளம். அங்கிருந்து உடைந்ததுதான் அவர் கண்ணுக்குள் இருந்தது. உங்கள் வீட்டு உளியின் தலை அப்படி விரிந்திருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், அல்லது பிசிறு போகத் தீட்டி எடுங்கள். தீட்டும்போதும் கண்ணாடி போடுங்கள். ஒரு சுத்தியலை வைத்து இன்னொரு சுத்தியலால் அடிக்கவே அடிக்காதீர்கள், இரண்டு கடினமான முகங்கள் மோதினால் ஒன்று சிதறும். கம்பியைப் பிளையரால் வெட்டும்போது வெட்டுப்படும் நுனியைக் கையாலோ துணியாலோ மூடிக்கொண்டு வெட்டுங்கள்.

கண்ணாடி என்று சொன்னதும், "நான் பவர் கண்ணாடி போட்டிருந்தேனே" என்பார்கள். பவர் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் தடுப்பு கிடையாது, மேலே நெற்றிப் பக்கமும் திறந்தே இருக்கும். லென்ஸ் கண்ணாடியால் ஆனது என்றால் உடைந்து அதுவே உள்ளே போகும். பாலிகார்பனேட்டில் செய்த, பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஃப்ரேமில் இசட் 87 (Z87) அல்லது ஈஎன் 166 (EN 166) என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பவர் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளும்படியும் கிடைக்கிறது. கூரையில் துளை போடுகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடி வேலை செய்கிறீர்கள், தூள் அத்தனையும் முகத்தில்தான் விழும். சுற்றிலும் முகத்தோடு ஒட்டி நிற்கும் காகிள்ஸ் இல்லாமல் ஏணியில் ஏறாதீர்கள். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கும் ஒன்று மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளையை அறைக்கு வெளியே அனுப்புங்கள். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்தது இரண்டு நிமிட வேலைதான்.

சுண்ணாம்பு, ஈர சிமென்ட், குழாய் அடைப்பு எடுக்கும் தூள் இவற்றுக்கு விதி தலைகீழ். இவை கண்ணில் பட்டால் என்னிடம் ஓடி வராதீர்கள், முதலில் குழாயடிக்கு ஓடுங்கள். இமையை விரலால் விரித்துப் பிடித்து, விடாமல் இருபது நிமிடம் தண்ணீர் விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். அமிலத்துக்குப் பயப்படுகிறவர்கள் சுண்ணாம்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அமிலம் பெரும்பாலும் மேல்பரப்பைத் திரிய வைத்து அங்கேயே தடைபட்டு நிற்கும். சுண்ணாம்பு போன்ற காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். மேலிமைக்கு அடியில் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருந்தால் அது கரையக் கரைய எரித்துக்கொண்டே இருக்கும். இமையைத் திருப்பி அதை எடுப்பதற்காகத்தான் கழுவிய பிறகு கட்டாயம் வரவேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஊற்றாதீர்கள். வெறும் தண்ணீர் போதும்.

வெல்டிங் வெளிச்சத்தைச் சும்மா நின்று பார்த்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எரிச்சல் அப்போது வராது, சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில் வரும். அப்போது மருந்துக்கடையில் போய் மரத்துப்போகும் சொட்டு கேட்காதீர்கள். பரிசோதனைக்காக நாங்கள் ஒரு சொட்டு விட்டதும் உங்களுக்குச் சொர்க்கம் போல இருக்கும், தெரியும். "அதையே எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று எத்தனை பேர் கெஞ்சினாலும் நான் கொடுப்பதில்லை. வீட்டில் வைத்து விட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறாது, கருவிழி கரைந்துபோகும்.

கண்ணுக்குள் ஏதோ குத்தியிருக்கிறது, அல்லது அப்படிச் சந்தேகம் இருக்கிறது என்றால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள். நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பகுதியை, கண்ணைத் தொடாமல், சுற்றியுள்ள எலும்பின் மேல் வைத்து பிளாஸ்டர் போடுங்கள். எதுவும் சாப்பிட வேண்டாம், குடிக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். நீங்களே வண்டி ஓட்டி வராதீர்கள். எதை எதால் அடித்தீர்கள் என்று சொல்லுங்கள், முடிந்தால் அந்தக் கருவியையும் கொண்டுவாருங்கள். காந்தத்தில் ஒட்டும் இரும்பா, பித்தளையா என்பது எங்களுக்கு முக்கியம். வேறு காரணத்துக்காக யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், என்றோ ஒரு நாள் கண்ணில் இரும்பு பட்டதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே இரும்பு இருந்தால் அந்தக் காந்தம் அதை அசைத்துவிடும்.

இவருக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. துணுக்கை எடுத்தோம், லென்ஸை மாற்றினோம். இரும்பு கிடந்த இடத்தில் விழித்திரையில் தழும்பு இருக்கிறது, அதை என்னால் எடுக்க முடியாது. வலது கண்ணால் இப்போது பலகையின் மேல் நான்கு வரிகளைப் படிக்கிறார். பட்ட அன்றே வந்திருந்தால் இன்னும் கீழே படித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.