கிரவுஸ் குறையும் ஆண்டுகளில் எங்கே தேடுவது?

செப்டம்பர் பிறந்துவிட்டால், ரஃப்டு கிரவுஸ் என்னும் காட்டுப் பறவையைத் தேடும் வேட்டைக்காரர்கள் அதன் எண்ணிக்கையைப் பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஆண்டு ஏற்றமா, இறக்கமா?" என்பதுதான். அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் வனவிலங்கு உயிரியலாளராகப் பணியாற்றுகிறவனிடம் இதைக் கேட்பது நியாயம். அந்த விடையை வைத்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் எனக்குக் கவலை தருகிறது. ஏற்றம் என்றால் எந்தக் காட்டில் நுழைந்தாலும் பறவை எழும் என்று கிளம்பிவிடுகிறார்கள். இறக்கம் என்றால் துப்பாக்கியோடு அந்தக் காட்டின் மீதான அக்கறையையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டுமே பறவைக்கு நல்லதல்ல.

ரஃப்டு கிரவுஸ் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக எடையுள்ள காட்டுப் பறவை. அலாஸ்காவிலிருந்து கனடா வழியாக அட்லான்டிக் கரை வரையிலும், தெற்கே அப்பலாச்சியன் மலைகளிலும் வாழ்கிறது. பெரிய ஏரிகளை ஒட்டிய மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் இதன் எண்ணிக்கை ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. இதற்கு மிக நெருக்கமாகத் தொடர்புபடுத்தப்படுவது ஸ்னோஷூ முயல். கனடாவின் வடகாடுகளில் முயல்கள் பெருகும்போது அவற்றைத் தின்னும் கொம்பன் ஆந்தைகளும் கோஷாக் என்னும் பெரிய வல்லூறுகளும் பெருகும். முயல்கள் சரிந்ததும் பசித்த இந்த வேட்டைப் பறவைகள் கிரவுஸ் பக்கம் திரும்பும். பல தெற்கு நோக்கியும் பறந்து வரும். குளிர்காலப் பனியும் ஜூன் மாத மழையும் இதோடு சேர்ந்துகொள்ளும். தெற்கே போகப் போக இந்தச் சுழற்சி மங்கிவிடுகிறது.

ஏற்ற இறக்கத்தை அளக்கக் காதையே நம்புகிறோம். ஏப்ரல், மே மாதங்களின் விடியற்காலையில் ஆண் கிரவுஸ் விழுந்த மரத்தின் மேல் ஏறி நின்று சிறகுகளை அடிக்கும். தொலைவில் பழைய டீசல் பம்புசெட் ஒன்று மெல்லத் தொடங்கி வேகமெடுப்பது போன்ற சத்தம். பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். மினசோட்டாவில் இந்த முழக்கக் கணக்கெடுப்பு 1949 முதல் நடக்கிறது. குறித்த சாலையில் 10 இடங்களில் வண்டியை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் 4 நிமிடம் கேட்டு எண்ணுகிறோம். உச்ச ஆண்டுகளில் ஓரிடத்துக்குச் சராசரியாகச் சுமார் 2 முழக்கங்கள் வரும். சரிவில் அது 1-க்கும் கீழே போகும்.

செய்தித்தாளில் வரும் அந்த ஒற்றை எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது வசந்தத்தில் உயிரோடு இருந்த ஆண் பறவைகளின் கணக்கு. இலையுதிர்காலத்தில் உங்கள் நாயின் முன்னால் எழும் பறவைகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு முட்டையிலிருந்து வந்தவை. மே கடைசியிலும் ஜூனிலும் பொரிக்கும் குஞ்சுகள் பூச்சிகளைத் தின்று வளர்கின்றன. அந்த வாரங்களில் குளிரும் மழையும் நீடித்தால், வசந்தத்தில் எத்தனை முழக்கம் கேட்டிருந்தாலும் அக்டோபர் காடு வெறிச்சோடிவிடும். 2017-இல் இதைக் கண்டோம். வசந்தக் கணக்கு அருமையாக இருந்தது. இலையுதிர்காலத்தில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தில் 2018-இல் மூன்று மாநிலங்களும் வேட்டைக்காரர்கள் தந்த பறவைகளின் ரத்தத்தையும் இதயத்தையும் சேகரித்துச் சோதிக்கத் தொடங்கின.

சரி, குறைந்த ஆண்டில் பறவையை எங்கே பார்ப்பது? எண்ணிக்கை குறையும்போது எல்லாக் காட்டிலும் ஒரே அளவில் குறைவதில்லை. சுமாரான இடங்கள் முதலில் காலியாகின்றன. மிகச் சிறந்த மறைவிடங்களில் பறவைகள் கடைசி வரை தங்குகின்றன. அந்த இடங்களின் அடையாளம் மரத்தின் வயது. ஆஸ்பென் என்னும் மரத்தின் தோப்பை முழுவதும் வெட்டினால் அடுத்த கோடையிலேயே வேர்களிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் முளைக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் அது கிரவுஸுக்கு ஏற்றதாகி, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் வரை அப்படியே இருக்கும். தண்டு உங்கள் மணிக்கட்டுப் பருமன் இருந்தால், உள்ளே நடக்கத் தோளைத் திருப்ப வேண்டியிருந்தால், சரியான இடத்தில் நிற்கிறீர்கள். வல்லூறால் அங்கே நுழைந்து பாய முடியாது.

ஆனால் இளம் தோப்பு மட்டும் போதாது. மினசோட்டாவின் குளோக்கே வன ஆய்வு மையத்தில் பல பத்தாண்டுகள் இந்தப் பறவையை ஆராய்ந்த கோர்டன் கல்லியன் காட்டியது இதைத்தான்: வெவ்வேறு வயதுத் தோப்புகள் அருகருகே வேண்டும். குளிர்காலம் முழுவதும் கிரவுஸ் உண்ணும் மொட்டுகள் முதிர்ந்த ஆண் ஆஸ்பென் மரங்களில்தான் கிடைக்கின்றன. ஆகவே இளங்காடும் முதிர்ந்த காடும் சந்திக்கும் விளிம்பில் நடங்கள். வறண்ட ஆண்டில் ஆல்டர் புதர் அடர்ந்த ஈரத் தாழ்நிலங்களைத் தவறவிடாதீர்கள். சில அடிகள் நடந்து, அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நடை ஓசை நின்றுபோனால் ஒளிந்திருக்கும் பறவைக்குப் பதற்றம் வந்து எழும்.

முதல் பறவை கைக்கு வந்ததும் அதை அங்கேயே கவனித்துப் பார்ப்பதுதான் நான் எல்லோருக்கும் தரும் முதல் அறிவுரை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கத்தி முனையால் கீறி உள்ளங்கையில் கொட்டுங்கள். செப்டம்பரில் பச்சைக் க்ளோவர் இலைகள் இருந்தால், அடுத்த பறவையைப் வெட்டிய மரங்களை ஏற்றிச் சென்ற பழைய வண்டிப் பாதைகளின் ஓரத்தில் தேடுங்கள். வெள்ளை டாக்வுட் பழங்கள் என்றால் சதுப்பின் விளிம்பு. நவம்பரில் ஹேசல் பூங்கதிர்களும் ஆஸ்பென் மொட்டுகளும் இருந்தால் பறவைகள் குளிர்கால உணவுக்கு மாறிவிட்டன என்று பொருள். சிறகையும் விரித்துப் பாருங்கள். வெளிப்பக்க இரண்டு பெரிய இறகுகளின் நுனி கூர்மையாக இருந்தால் அது அந்த ஆண்டுக் குஞ்சு, மழுங்கியிருந்தால் முதிர்ந்தது. வேட்டைக்காலம் முழுவதும் முதிர்ந்தவையே கைக்கு வந்தால் குஞ்சுகள் பிழைக்காத ஆண்டு அது.

அப்படிப்பட்ட ஆண்டில் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இந்த மூன்று மாநிலங்களின் வடபகுதிகளிலும் ஒருவர் நாளொன்றுக்கு 5 பறவைகள் வரை எடுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் சிறு காட்டில் அத்தனையையும் எடுக்காதீர்கள். பரந்த காட்டில் எடுத்த பறவையின் இடத்துக்கு அக்கம்பக்கத்திலிருந்து இளம் பறவைகள் வந்துவிடும். தனித்த காட்டுக்கு வர வழியில்லை. வேட்டைக்காலத்தின் கடைசியில் பிழைத்திருப்பவை வசந்தத்தில் முட்டையிட வேண்டியவை. அங்கே ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேட்டையைக் காட்டிலும் எனக்கு அச்சம் தருவது இளங்காடு மறைந்துபோவதுதான். இந்தியானாவில் காடுகள் இருக்கின்றன, ஆனால் அவை முதிர்ந்துவிட்டன. அங்கே 2015-இல் கிரவுஸ் வேட்டை நிறுத்தப்பட்டது. 2020-இல் மாநிலத்தின் அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலில் பறவை சேர்க்கப்பட்டது. வேட்டையை நிறுத்தியது பறவையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. தங்க இடமில்லாத காட்டில் எந்தச் சுழற்சியும் மேலே ஏறாது.

அதனால் சரிவு ஆண்டில் என் பகுதிக்கு வருகிறவர்களிடம், மாநில வனத்துறையின் மரவெட்டுத் திட்ட வரைபடத்தை வாங்கி, அடுத்து வெட்டப்படவிருக்கும் ஆஸ்பென் தோப்புகளைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். திட்டத்தின் மீது மக்கள் கருத்துக் கேட்கும்போது எழுதியனுப்பவும் சொல்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் வெட்டும் தோப்பு, அடுத்த ஏற்றம் வரும்போது சரியான வயதில் இருக்கும்.