செல்ஃபியில் தெரிவது உங்கள் பிள்ளையின் முகம்தானா?

பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் என் மருத்துவமனை வாசலில் பள்ளிச் சீருடைகள் அதிகமாகத் தெரியும். பிளஸ் டூ மாணவர்களுக்குப் பிரிவு விழா நடக்கும் மாதம் அது. "பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட வேண்டும் டாக்டர்" என்பார்கள். தோல் மருத்துவராக இத்தனை ஆண்டுகளில் இந்தக் கோரிக்கை எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் கேட்கும் விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, இந்த நிறம் வேண்டும் என்பார்கள். இப்போது தங்கள் படத்தையே காட்டுகிறார்கள்.

போன ஆண்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிளஸ் ஒன் படிப்பவள். கொரோனா போய் எவ்வளவோ காலமாகியும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "வீட்டிலும் இப்படித்தான் டாக்டரம்மா. சாப்பிடும்போது மட்டும் கழற்றுவாள். அதற்கும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்" என்றார் அம்மா. கழற்றச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான், செவிலியரும் நானும் மட்டும் இருக்கையில், மெதுவாகக் காதிலிருந்து எடுத்தாள்.

இரண்டு கன்னங்களும் அனலில் வாட்டியதுபோல் சிவந்திருந்தன. தோல் மெலிந்து, அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடையோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள். என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. ஆனால் அவள் அதைப் பற்றிப் பேச வரவில்லை. போனை நீட்டினாள். "இந்த மாதிரி ஆனால் போதும் டாக்டர்."

படத்தில் இருந்த பெண்ணுக்கு மூக்கு சின்னது, கண் பெரியது, தாடை கூர்மையானது. கன்னத்தில் ஒரு மயிர்க்கால் துளைகூட இல்லை. நிறம் இரண்டு படி வெளுப்பு.

"யாரம்மா இது?"

"நான்தான் டாக்டர்."

அதே நாளில், அதே பச்சைச் சுடிதாரில் எடுத்த படங்கள் அறுபதுக்கு மேல் அந்தப் போனில் இருந்தன. கழுத்தை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, ஜன்னலோரம், மொட்டைமாடியில். அத்தனையிலும் ஒன்றைத்தான் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். அரைமணி நேரத்தில் எதிர்பார்த்த அளவு லைக் வரவில்லை என்று அதையும் எடுத்துவிட்டாளாம்.

இப்படி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. என் அறையிலேயே ஒரு சோதனை செய்து காட்டுகிறேன். கையை மடக்கிப் பிடித்து ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்வேன். பிறகு, ஐந்தடி தள்ளி நின்று செவிலியர் ஒரு படம் எடுப்பார். ஃபில்டர் எதுவும் இல்லாமல், அதே வெளிச்சத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்கை மட்டும் பார் என்பேன். செல்ஃபியில் மூக்கு முகத்தின் நடுவில் உப்பி நிற்கும். காதுகள் பின்னால் ஒளிந்துகொள்ளும். கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவது படம் எடுக்கும் தூரத்தால் வருவது. 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும்.

"அப்படியானால் என் மூக்கு இவ்வளவு பெரிசு இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். இல்லவே இல்லை. முதலில் போனே மூக்கைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அப்புறம் ஃபில்டர் என்ற பெயரில் அதைச் சிறிதாக்கித் தருகிறது. இல்லாத குறையை உண்டாக்கி, அதற்கு மருந்தும் தருகிற இந்த வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்? சில போன்களில் முன்பக்கக் கேமராவை, வாங்கும்போதே தோலை வழுவழுப்பாக்கிக் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். நாம் எதையும் தொடாமலே முகம் மாறிவிடுகிறது. அந்தப் படத்தை நாள்தோறும் பார்த்துப் பழகிய பிள்ளை ஒருநாள் குளியலறைக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது, தன் முகமே கெட்டுப்போய்விட்டதாக நினைக்கிறாள்.

நடிகையின் படத்தோடு ஒப்பிட்ட தலைமுறைக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. அவள் நடிகை, நான் வேறு என்று சொல்லிக்கொள்ளலாம். தன்னைத் தன்னோடே ஒப்பிடும் பிள்ளைக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஃபில்டர் போட்ட தங்கள் படத்தைக் காட்டி, இப்படி ஆக்கித் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்களைப் பற்றி பாஸ்டன் நகரத்துத் தோல் மருத்துவர்கள் 2018இலேயே மருத்துவ இதழில் எழுதினார்கள். ஃபில்டர் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தைக் குறையாக நினைக்கும் இந்த மனநிலைக்கு 'ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா' என்ற பெயர் அப்போதுதான் பரவியது. நிறுவனங்களுக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. தன் உடல் தோற்றம் பற்றி ஏற்கெனவே குறைபட்டுக்கொள்ளும் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை மேலும் மோசமாக்குகிறது என்ற தகவல், அந்த நிறுவனத்தின் உள் ஆய்விலேயே இருந்தது. 2021இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அதை வெளியே கொண்டுவந்தது.

இனி அவளுடைய கன்னத்துக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

பையில் இருப்பதை எடுக்கச் சொன்னேன். நோட்டுத் தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு டியூப். பற்பசையைக் கடைசிச் சொட்டுவரை பிதுக்குவதுபோல அடியிலிருந்து சுருட்டியிருந்தாள். ஏதோ ஒரு ரீல்ஸில் பார்த்ததாம். மருந்துக்கடையில் பெயரைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். சீட்டு கேட்கவில்லை. உள்ளே இருந்தது குளோபெட்டசால். ஸ்டீராய்டு களிம்புகளில் மிக வீரியமான வகை. சொரியாசிஸ் போன்ற நோய்களில் தடித்துப்போன தோலுக்கு நாங்கள் எழுதுவது. அதையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்று சொல்லித்தான் தருவோம். முகத்துக்கு அது ஆகவே ஆகாது. அவள் ஏழு மாதம் முகத்தில் தடவியிருக்கிறாள்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்காதீர்கள். முதல் வாரத்தில் இந்தக் களிம்பு மாயம் செய்யும். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் முகம் வெளுக்கும், பரு அடங்கும். "என்ன போடுகிறாய்?" என்று தோழிகள் கேட்பார்கள். சில வாரங்களில் தோல் மெலியத் தொடங்கும், வெயில் பட்டால் எரியும், புதிதாகப் பருக்கள் முளைக்கும், முடி வளரும். பயந்துபோய் நிறுத்தினால் சில நாட்களிலேயே முகம் முழுதும் சிவந்து தகிக்கும். தடவினால் அடங்கும். அதனால் மறுபடியும் தடவுவார்கள். போதைப் பழக்கத்தின் வழி எதுவோ அதேதான் இதற்கும். முகத்தில் ஏதோ பிரச்சினை என்று இந்தியாவின் பல ஊர்களில் தோல் மருத்துவர்களிடம் வந்த 2,926 பேரை விசாரித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். இவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதியையும் இறுக்கினார்கள். விதி இருக்கிறது, டியூபும் கிடைக்கிறது.

ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத வெளுப்பு க்ரீம்கள் இன்னும் மோசம். பாதரசம் கலந்தவை அவற்றில் உண்டு. பக்கத்தில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் போகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 2021 முதல் 2023 வரை வந்த 22 பேரைச் சிறுநீரக மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் போட்டவர்கள். முகத்தில் தடவுவது முகத்தோடு நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

போனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கும்போதே நிறத்தைப் பற்றிய பேச்சை நாம் தொடங்கிவிடுகிறோம். பிறந்த குழந்தையின் காதோரத்தைத் திருப்பிப் பார்த்து நிறம் சொல்கிறோம். கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் "ஏன்டி இப்படிக் கறுத்துப்போனாய்?" என்று அத்தை கேட்கிறாள். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற வெளுப்பு க்ரீம் 1975இல் இந்த நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல் மட்டும் போயிற்று. இன்றைய ஃபில்டர் செய்வதும் அதே வேலைதான். நம் வெயிலுக்கு, தோலுக்குக் கறுப்பைத் தரும் மெலனின் என்ற நிறமிதான் குடை. அது குறைந்தவர்களுக்குத்தான் வெயில் சீக்கிரம் சுடும், தோல் புற்றுநோய் ஆபத்தும் அதிகம். அந்தக் குடையைப் பிடுங்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள்.

பையன்களும் வருகிறார்கள், கொஞ்சம் தாமதமாக, தனியாக. தாடி அடர்த்தியாக வரவில்லை என்று, தலைமுடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்தைக் கன்னத்தில் தடவிக்கொண்டு வந்த பத்தாம் வகுப்புப் பையனைப் பார்த்திருக்கிறேன். இன்னும் மீசையே முழுதாக அரும்பாத பிள்ளை.

பருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12 வயதிலிருந்து 24 வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது பரு வரும். அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இரண்டு மூன்று மாதப் பொறுமை வேண்டும். மயிர்க்கால் துளைகளை மட்டும் எந்த மருந்தாலும் மூட முடியாது. அது தோலின் இயல்பு. துளையில்லாத தோல் பொம்மைக்குத்தான் உண்டு.

கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அல்லது கண்ணாடியையே துணியால் மூடிவிடுவது, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையைப் பற்றித் தினமும் மணிக்கணக்கில் கவலைப்படுவது, பள்ளிக்கே போகமாட்டேன் என்பது — இவற்றைக் கண்டால் தோல் மருத்துவரோடு நிறுத்திவிடாதீர்கள். தோற்றக் குறை பற்றிய இந்த மனநோய் பெரும்பாலும் பதின்வயதில்தான் தொடங்குகிறது. மனநல மருத்துவரால் இதைச் சரிசெய்ய முடியும். அழகு சிகிச்சையால் பெரும்பாலும் முடியாது. ஒரு குறை போனால் மனம் இன்னொன்றைத் தேடிக்கொள்ளும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸுக்கு எந்த நேரமும் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்ற சொல் பிள்ளையின் வாயில் ஒருமுறை வந்தாலும் அன்றே பேசுங்கள். நடிக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள்.

போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். இந்தப் பெண்ணிடமும் பிடுங்கியிருக்கிறார்கள். தோழியின் போனில் வேறு பெயரில் கணக்கு தொடங்கிவிட்டாள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக வலைதளக் கணக்கு கூடாது என்று சட்டத்தையே கொண்டுவந்துவிட்டது. அப்படி ஒன்று இங்கே வந்தால் எனக்கும் நிம்மதிதான். அதுவரை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். 13 வயதுக்குக் கீழ் கணக்கு கூடாது என்பது இன்ஸ்டாகிராமே வைத்திருக்கும் விதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு தொடங்கிக் கொடுப்பது பல வீடுகளில் நாம்தான். இரவில் போன் படுக்கையறைக்குள் போகவேண்டாம், நம்முடையதும் சேர்த்து. அப்புறம், பிள்ளையின் மேசையில் இருக்கும் டியூப்களை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். உள்ளே என்ன மருந்து என்று புரியாவிட்டால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அந்த அம்மாவை மறுபடி உள்ளே அழைத்து இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் மெல்ல, "அம்மாவின் வாட்ஸப் படத்தைப் பாருங்கள் டாக்டர்" என்றாள். அம்மா தயங்கித் தயங்கித்தான் காட்டினார். கோயில் வாசலில் எடுத்த படம். நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை, முகம் பால்வெள்ளை, கழுத்து மட்டும் அவருடைய சொந்த நிறம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுமுறை வந்தபோது அந்தப் படம் மாறியிருந்தது.

மகளுக்குச் சிகிச்சை நீண்டது. களிம்பை நிறுத்திய முதல் மூன்று வாரங்கள் கொடுமையாக இருந்தன. இரவில் எரிச்சல் தாங்காமல் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். இரண்டு முறை அழுதுகொண்டே போன் செய்து, ஒரே ஒரு நாள் தடவிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாமம்மா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். சன்ஸ்கிரீன், ஈரப்பதம் காக்கும் களிம்பு, பருவுக்குச் சில மாத்திரைகள். நான்காவது மாதத்தில் கன்னத்தின் சிவப்பு பாதிக்குமேல் குறைந்தது. மெலிந்த தோல் தேறுவதற்கு இன்னும் மாதங்களாகும். சில ரத்தக் குழாய்கள் அப்படியே தங்கிவிடலாம். அதை அவளிடம் மறைக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் பதிவுக்காக ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுப்போம். போன முறை எல்லாப் படங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். கடைசிப் படத்தைப் பெரிதாக்கி, மூக்கருகே கொஞ்ச நேரம் நிறுத்தினாள்.

"உன் போனுக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். இங்கேயே இருக்கட்டும்."

முகக்கவசத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். பள்ளியில் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாளாம்.