பூட்: பூட்டும் இல்லை, பூட்ஸும் இல்லை

"கணினியைப் பூட்டியதும் பயாஸ் கருனியை நினைவகத்தில் ஏற்றும்."

லினக்ஸ் கருனி எழுந்து வரும் விதம் பற்றிய தமிழ் ஆவணம் ஒன்று திருத்தத்துக்கு வந்தது. அதன் முதல் வரி இது. கருனி என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல்; பயாஸ் என்பது கணினிக்குள்ளேயே பதிந்திருந்து முதலில் ஓடும் நிரல். ஒரே வரியில் இரண்டு பிழைகள். அணைந்திருக்கும் கணினியை எழுப்புவதைச் சொல்லும் 'பூட்' காதில் 'பூட்டு' என்று விழுந்திருக்கிறது. நம் ஊரில் ஏரையும் பூட்டுவோம், கதவையும் பூட்டுவோம். கணினியைப் பூட்டினால் திரைதான் மூடும்.

இந்தச் சொல் பிறந்தது காலணியில். பூட்ஸின் பின்பக்கம், விரலை விட்டு இழுத்து மாட்டுவதற்காகக் காது போல ஒரு வார் தைத்திருப்பார்கள். அதுதான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நடக்காத காரியத்துக்குச் சொல்லும் கேலி. 1950களில் கணினிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் ஏற்றுவது? ஐபிஎம் 701இல் பொத்தானை அழுத்தினால் துளை அட்டையிலிருந்து முதல் துணுக்கு மட்டும் உள்ளே வரும். மிச்சத்தை அது இழுத்து வரும்.

பின்னால் வந்த கணினிகளிலும் அதே கதைதான். பழைய பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து, 7சி00 என்ற முகவரியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கருனி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அந்தத் துணுக்கு கிரப் என்ற பூட்லோடரை, அதாவது ஏற்றிவிடும் நிரலை, கூப்பிடும், கிரப்தான் கருனியை ஏற்றும். ஆவணத்தின் இரண்டாவது பிழை இந்த இடம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் 'தொடக்கம்' என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஒரு சேவையை, அதாவது பின்னணியில் ஓடும் நிரலை, ஸ்டார்ட் செய்வதற்கும் அதே சொல்தான். 'மறுதொடக்கம் செய்க' என்று படித்தவர், ஒரு சேவையை நிறுத்தி எழுப்பினால் போதும் என்கிற இடத்தில் சர்வரையே அணைத்துப் போடுவார். 'துவக்கு' என்று மாற்றினாலும் தீராது. ஈழத்தில் அது துப்பாக்கி.

வழி காட்டியது புதுச்சேரியில் எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் இருக்கும் சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், மடிக்கணினியும் பிரெஞ்சில்தான். "இதுக்கு அமோர்சாஜ்னு பேருப்பா. பம்புக்குத் தண்ணி ஊத்துறோம் பாரு, அதுக்கும் அதான்" என்றார். தூண்டிலில் இரை மாட்டுவதற்கும் அதே சொல்லாம்.

அடிபம்பு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாசர் காய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். மேலே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி நாலு அடி அடித்தால், அடியில் இருக்கும் தண்ணீர் ஏறி வரும். 512 பைட் என்பது அந்த ஒரு செம்பு.

ஆகவே 'தொடக்க ஏற்றம்' என்று போட்டேன். பூட்லோடர் 'தொடக்க ஏற்றி'. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றமும் அதற்குள் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ரீபூட் 'மறு ஏற்றம்' ஆகும்; 'மறுதொடக்கம்' சேவைகளுக்கு மட்டும்.

திருத்திய வரி: "மின்சாரம் வந்ததும் பயாஸ் தொடக்க ஏற்றியின் முதல் துணுக்கை நினைவகத்தில் வைக்கும், கருனியை ஏற்றுவது தொடக்க ஏற்றியின் வேலை."

அடுத்த பக்கத்தில் 'பிஸெட்இமேஜ்' என்ற கருனிக் கோப்பை, பிஸிப்2 என்ற கோப்புச் சுருக்கும் முறையில் சுருக்கிய கருனி என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 'பி' பெரியது என்பதைக் குறிக்கும் 'பிக்'. அதையும் அடித்துவிட்டேன்.