ஜவுளிக்கடை ஊழியருக்கு உக்கார உரிமை: 2021 சட்டம் என்ன சொல்லுது?

துணித் தொழில்ல நடக்குற அநியாயம்னா எல்லாரும் மில்லு, சாயப்பட்டறைன்னுதான் பேசுறோம், நாம புடவை எடுக்கப் போற கடையில நிக்குற அக்காங்கள யாரும் கணக்குலயே சேக்குறதில்ல. காலைல கவுண்ட்டருக்கு வந்தா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நின்னுட்டே இருக்கணும், கஸ்டமரே இல்லாத மத்தியான நேரத்துலயும். சுவத்துல சாஞ்சா சூப்பர்வைசர் திட்டுவாரு, உக்காந்தா கேமராவுல பாத்து சம்பளத்துல புடிச்ச கடைங்களும் உண்டு. கால் வீக்கம், நரம்பு சுருட்டல், முதுகுவலி. பாத்ரூம் போக பெர்மிஷன் கேக்கணுமேன்னு தண்ணியே குடிக்காம இருக்குறவங்க இருக்காங்க.

இதுக்குத்தான் 2021ல தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல '22-ஏ'ன்னு ஒரு பிரிவ சேத்தாங்க. அது 1947 சட்டம், மசோதாவ அந்த செப்டம்பர்ல சட்டசபைல கொண்டுவந்தது தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன். விஷயம் இவ்ளோதான்: எந்தக் கடையா இருந்தாலும் வேலை செய்யுற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல சந்தர்ப்பம் கிடைச்சா உக்காந்துக்கலாம், நாள் பூரா நிக்க வைக்கக் கூடாது. ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்ல, ஜவுளிக்கடை மட்டும்னும் இல்ல.

நமக்கு முன்னாடியே, 2018ல, கேரளா இத செஞ்சிடுச்சு. அதுவும் சும்மா வரல, கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைங்கள்ல வேலை பாத்த பொம்பளைங்க முதல்ல கழிப்பறை கேட்டு ஆரம்பிச்சாங்க, 'பெண்கூட்டு'ன்னு அமைப்பு வச்சு விஜிங்கிற தையல்காரம்மா முன்ன நின்னாங்க, அப்புறம்தான் உக்கார்ற உரிமை வரைக்கும் வந்தது. ஃபேக்டரில நின்னு வேலை செய்யுறவங்களுக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இந்த வசதி எழுதியிருந்துச்சு, கடை ஊழியருக்கு மட்டும் எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு பாருங்க.

நம்ம சட்டத்துல ஓட்டையும் இருக்கு. எத்தன பேருக்கு எத்தன சேர், எங்க போடணும்னு 22-ஏ பிரிவுல சொல்லல. அதனால கொடவுன் மூலைல ரெண்டு ஸ்டூல போட்டுட்டு "வசதி இருக்கே"ன்னு காட்டலாம். ஆனா என்னக் கேட்டா, சந்தர்ப்பம் கிடைக்கும்போது உக்காரணும்னா சேர் கவுண்ட்டர் பக்கத்துலதான் இருக்கணும், மூணு மாடி ஏறிப் போய் உக்கார்றது என்ன உக்கார்றது? சேர் இருந்தும் உக்கார விடலன்னா அதுவும் சட்டத்தோட நோக்கத்துக்கு விரோதம்தான்.

அதே சட்டத்துல இன்னும் சிலது இருக்கு, பலருக்குத் தெரியாது. சாதாரணமா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல வாங்கக் கூடாது, நடுவுல ஒரு மணி நேரம் ரெஸ்ட் குடுக்கணும். அந்த 8 மணி, 48 மணி கணக்குக்கு மேல வேலை பாத்தா ஓவர்டைம், ரெண்டு மடங்கு சம்பளம். தீபாவளி சீசன்ல "எல்லா கடையிலயும் இப்படித்தான்"னு சொல்லி முழுங்குறது இந்தப் பணத்தத்தான்.

புகார் குடுக்கணும்னா உங்க ஏரியா தொழிலாளர் துறை ஆபீஸ்ல உதவி ஆய்வாளர்கிட்ட எழுதிக் குடுங்க, இல்லன்னா முதல்வர் ஹெல்ப்லைன் 1100. நெறைய கடைல உள்ள போகும்போதே ஃபோன வாங்கி வச்சுக்குறாங்க, ஃபோட்டோ எடுக்க முடியாது. அதனால எந்த மாடி, எந்த செக்‌ஷன், எத்தன பேர், எத்தன சேர், வந்த நேரம் போன நேரம்னு வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு எழுதி வச்சுக்கோங்க, நாலஞ்சு பேரா சேந்து கையெழுத்து போட்டுக் குடுத்தா ஒருத்தர தனியா குறிவச்சு வேலைய விட்டு அனுப்புறதும் கஷ்டம்.